குழந்தைக்கு டிக்கும் பதற்றமும்: யாரிடம் போவது, எப்போது போவது, என்ன கேட்பது

என் மகனுக்குக் கண் சிமிட்டல் தொடங்கியபோது வயது 7. அது ஓய்ந்ததும் மூக்கை உறிஞ்சினான். பிறகு தோளைக் குலுக்கினான். பிறகு தொண்டையைச் செருமினான். ஒன்று போனால் ஒன்று வரும். இவற்றைத்தான் ‘டிக்’ என்கிறார்கள். கூடவே, பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் வயிற்றுவலி, இரவில் தனியாகப் படுக்கப் பயம். இப்போது அவனுக்கு 15. இடைப்பட்ட ஆண்டுகளில் எத்தனையோ வாசல் ஏறி இறங்கியிருக்கிறோம். அதைக் கேள்விப்பட்டு, இதே நிலையில் இருக்கும் பெற்றோர் என்னோடு பேசுவதுண்டு. பெரும்பாலும் ஒரே கேள்விகள்தாம். நான் மருத்துவர் அல்ல. உங்கள் குழந்தையை நேரில் பார்க்கும் மருத்துவர் வேறு சொன்னால் அதைத்தான் நீங்கள் கேட்க வேண்டும்.

இது டிக் தானா? வேண்டுமென்றே செய்வது போலத்தான் தெரிகிறது.

எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. ஓயாமல் தோளைக் குலுக்கிக்கொண்டிருந்தவன், வீட்டுக்கு யாராவது வந்தால் நிறுத்திவிடுவான். “அடக்க முடிகிறதே, அப்புறம் ஏன் செய்கிறாய்?” என்று ஒரு வருடம் கேட்டேன். அந்த ஒரு வருடத்துக்காக இன்றும் வருந்துகிறேன்.

டிக் என்பது திடீரென்று, வேகமாக, தாளம் எதுவும் இல்லாமல் திரும்பத் திரும்ப வரும் அசைவு அல்லது ஒலி. தும்மலோடு ஒப்பிடலாம். கொஞ்ச நேரம் அடக்கலாம், ஆனால் அடக்குவதே ஒரு வேலையாகிவிடும். அசைவுக்குச் சற்றுமுன் ஓர் அரிப்பு, ஓர் இறுக்கம் எழுவதை ஓரளவு வளர்ந்த குழந்தைகளால் சொல்ல முடியும். என் மகன் 9 வயதில் சொன்னான்: “கண்ணுக்குள்ளே ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது அம்மா. சரியாகச் சிமிட்டினால்தான் போகிறது.” அந்தச் ‘சரியாக’ என்ற சொல்லைக் கேட்ட பிறகுதான் எனக்கு விளங்கியது.

பெரும்பாலும் 4 முதல் 6 வயதுக்குள் தொடங்கும். பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளிடம் அதிகம். மூன்று வயதுக்கு முன்பே தொடங்கி, மகிழ்ச்சியில் கைகளை ஒரே தாளத்தில் அசைப்பது போன்றவை வேறு வகை. நடுவில் உறைந்து நின்று, கூப்பிட்டாலும் காதில் விழாமல் வெறித்துப் பார்ப்பதும் டிக் இல்லை. அது வலிப்பின் ஒரு வகையாக இருக்கலாம், மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

பதற்றத்தால்தான் டிக் வருகிறதா? வீட்டில் நாங்கள் சண்டை போட்டதால் வந்ததா?

இல்லை. அசைவுகளை ஒழுங்குபடுத்தும் மூளைச் சுற்றுகள் இயங்கும் விதத்தோடும் மரபணுவோடும் தொடர்புடையது டிக். வளர்ப்பினால் அது வருவதில்லை. ஆனால் பதற்றம், களைப்பு, தூக்கக்குறைவு, ஏன், அளவுகடந்த உற்சாகம்கூட இருக்கிற டிக்கைக் கூட்டும். தேர்வுக்கு முந்தின இரவில் எவ்வளவு வருமோ, பிறந்தநாளுக்கு முந்தின இரவிலும் அவ்வளவு வரும்.

பதற்றம் டிக்கைக் கூட்டுகிறது. டிக்கை யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற நினைப்பு பதற்றத்தைக் கூட்டுகிறது. ஆனாலும் இரண்டும் தனித்தனிப் பிரச்சினைகள். தனித்தனியாகச் சிகிச்சை உண்டு. டிக் உள்ள குழந்தைகள் பலரிடம் பதற்றம், கவனக்குறைவும் துறுதுறுப்பும் சேர்ந்த ஏ.டி.எச்.டி., வேண்டாத எண்ணங்களும் கட்டாயச் செயல்களும் திரும்பத் திரும்ப வரும் எண்ணச் சுழற்சி நோய் (ஓ.சி.டி.) ஆகியவற்றில் ஏதாவது ஒன்றும் சேர்ந்தே இருக்கும். குழந்தையின் அன்றாடத்தை அதிகம் கெடுப்பது பல வீடுகளில் டிக் அல்ல, கூட வந்த அந்த இன்னொன்றுதான். எங்கள் வீட்டிலும் அதுவே நடந்தது. சிமிட்டலை எண்ணிக்கொண்டே இருந்தோம். அவன் நண்பன் வீட்டுக்குப் போவதை நிறுத்தி நான்கு மாதம் ஆகியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

டிக் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகச் சிகிச்சை தேவையில்லை. பள்ளி வயதில் சில வாரமோ சில மாதமோ இருந்து தானே மறையும் டிக் மிகச் சாதாரணம். அது குழந்தையைத் தொந்தரவு செய்கிறதா, அல்லது பார்த்துக்கொண்டிருக்கும் நம்மைத் தொந்தரவு செய்கிறதா என்று முதலில் யோசித்துப் பாருங்கள். இரண்டாவதுதான் என்றால் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிட்டு, காத்திருந்து கவனிப்பதே போதும்.

கழுத்து வலிக்கிறது, கண் எரிகிறது, எழுதும்போது கை வெட்டி எழுத்து கெடுகிறது, வகுப்பில் கேலி செய்கிறார்கள், தூக்கம் வரவில்லை, பள்ளிக்குப் போக மறுக்கிறான், முன்பு விரும்பியதையெல்லாம் தவிர்க்கிறான் என்று ஏதாவது இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். ஒரு வருடத்துக்கு மேல் நீடித்தாலும் முறையாக மதிப்பிட்டுக்கொள்வது நல்லது.

காத்திருக்கவே கூடாத அறிகுறிகள் எவை?

நினைவு தப்புதல். கை கால் பலவீனம், நடை மாறுதல். கற்ற பேச்சோ திறனோ பின்னுக்குப் போவது. தலையில் அடிபட்ட பிறகு, அல்லது புதிதாக மருந்து தொடங்கிய பிறகு வந்த அசைவு. கழுத்தை மிக வேகமாக வெட்டுவது, தன்னையே அடித்துக்கொள்வது. தொண்டைத் தொற்றுக்குப் பின் ஓரிரு நாளில் குழந்தையே வேறு ஆளாக மாறியது போல டிக்கும் கட்டாய எண்ணங்களும் ஒன்றாகக் கொட்டுவது.

“நான் இல்லாமல் இருந்தால் நல்லது” என்ற பொருளில் குழந்தை எது சொன்னாலும், விளையாட்டாகச் சொன்னாலும், அன்றைக்கே உதவி தேட வேண்டும்.

முதலில் யாரிடம் போவது? நரம்பியல் மருத்துவரா, மனநல மருத்துவரா, உளவியலாளரா?

வழக்கமாகப் பார்க்கும் குழந்தைநல மருத்துவரிடமே தொடங்குங்கள். சிமிட்டலுக்குக் கண் மருத்துவரையும், உறிஞ்சலுக்கும் செருமலுக்கும் காது மூக்கு தொண்டை மருத்துவரையும் ஒருமுறை பார்த்து ஒவ்வாமை, பார்வைக் குறைபாடு போன்றவை இல்லை என்று உறுதிசெய்துகொள்வதில் தவறில்லை. ஆனால் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்காதீர்கள். நாங்கள் ஏழு மாதம் ஒவ்வாமை மருந்து கொடுத்தோம்.

நோய் எது என்பதில் சந்தேகம் இருந்தால் குழந்தைகளுக்கான நரம்பியல் மருத்துவர். பதற்றமோ கட்டாய எண்ணமோ தலைதூக்கி நின்றால், அல்லது மருந்து பற்றி யோசிக்க வேண்டியிருந்தால் குழந்தை மனநல மருத்துவர். பயிற்சி வகைச் சிகிச்சைக்கு உளவியலாளர். சில இடங்களில் செயல்வழிச் சிகிச்சையாளர்களும் (occupational therapists) இதில் பயிற்சி பெற்றிருப்பார்கள். அறைக்கு வெளியே தொங்கும் பலகையைவிட, “டிக் உள்ள குழந்தைகளை வழக்கமாகப் பார்க்கிறீர்களா?” என்ற கேள்விக்குக் கிடைக்கும் பதிலை நம்புங்கள்.

முதல் சந்திப்புக்கு என்ன எடுத்துப்போக வேண்டும்?

வீடியோ. இதைவிடப் பயனுள்ளது வேறில்லை.

எங்கள் முதல் சந்திப்பு நினைவிருக்கிறது. இரண்டு மாதம் காத்திருந்து கிடைத்த நேரம். மருத்துவருக்கு எதிரே இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தான். ஒரு சிமிட்டல் இல்லை, ஒரு செருமல் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு படத்தில் உள்ள பிள்ளை போல இருந்தான். “நன்றாகத்தானே இருக்கிறான், நீங்கள்தான் கொஞ்சம் அதிகமாகக் கவலைப்படுகிறீர்கள் அம்மா” என்று சொல்லி அனுப்பிவிட்டார். கார்க் கதவைச் சாத்தினேன். அவ்வளவுதான், அடைத்து வைத்திருந்ததெல்லாம் ஒன்றாக வெளியே வந்தது. தோளும் கண்ணும் கழுத்தும் மாறி மாறி வெட்ட, வீடு வந்து சேரும்வரை அழுதுகொண்டே வந்தான். புது இடத்தில் இப்படி அடங்கிவிடுவது வழக்கம்தான் என்பது அந்த மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனக்கு அப்போது தெரியாது.

எனவே, குழந்தையின் சம்மதத்தோடு ஓரிரு நிமிட வீடியோக்கள் இரண்டு மூன்று எடுத்து வையுங்கள். ஒளிந்திருந்து எடுக்காதீர்கள், அவனுக்குத் தெரிந்தால் நம்பிக்கை போய்விடும். ஒரே ஒரு பக்கத்தில் காலவரிசையும் எழுதுங்கள்: எந்த அசைவு எப்போது தொடங்கியது, எப்போது மறைந்தது, எந்த நேரத்தில் கூடுகிறது, தூக்கம் எப்படி, என்ன மருந்துகள் எடுத்திருக்கிறான், எவற்றையெல்லாம் பயந்து தவிர்க்கிறான். குடும்பத்தில் யாருக்காவது டிக், பதற்றம், கட்டாயப் பழக்கங்கள் இருந்தனவா என்றும் கேட்பார்கள். “தாத்தா எப்போதும் தொண்டையைச் செருமுவார்” என்பதுகூடச் சொல்லத்தக்க தகவலே.

குழந்தை இல்லாமல் ஐந்து நிமிடம் தனியே பேச வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். அவன் எதிரில் அவன் குறைகளை அடுக்குவது போல ஆகிவிடக்கூடாது.

ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எடுக்க வேண்டுமா?

வழக்கமான டிக்குக்குத் தேவையில்லை. வரலாற்றைக் கேட்டும் உடலைச் சோதித்தும் முடிவு செய்வதே முறை. டிக்கைக் காட்டும் ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. வேறு நோயோ என்ற சந்தேகம் இருந்தால் மட்டுமே எடுப்பார்கள். எதற்காக என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

‘டூரெட்’ என்று சொல்லிவிட்டார்கள். இனி கெட்ட வார்த்தை பேசுவானா?

பத்தில் ஒருவருக்கோ அதற்குச் சற்றுக் கூடுதலாகவோதான் அப்படி வரும். சினிமாவுக்கு அது பிடித்துப்போனதால் நோயின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

1885இல் ஒன்பது நோயாளிகளைப் பற்றி எழுதிய பிரெஞ்சு மருத்துவர் ழில் த லா டூரெட்டின் பெயரால் வழங்குவது இது. குறைந்தது இரண்டு அசைவு டிக்குகளும் ஓர் ஒலி டிக்கும் வந்து, தொடங்கி ஒரு வருடம் தாண்டியிருந்தால், 18 வயதுக்கு முன் தொடங்கியிருந்தால் இந்தப் பெயர். இரண்டும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு வருடம் நிறையாவிட்டால் தற்காலிக டிக் கோளாறு; அசைவு மட்டுமோ ஒலி மட்டுமோ ஒரு வருடம் தாண்டினால் நீடித்த டிக் கோளாறு. பெயர் மாறுவதால் குழந்தை மாறிவிடவில்லை. கடுமையான டிக்குக்குத்தான் டூரெட் என்று பெயர் என்பதும் தவறு. லேசான டூரெட்தான் அதிகம்.

மருந்தில்லாச் சிகிச்சை என்கிறார்களே, அதில் என்ன செய்வார்கள்?

‘பழக்க மாற்றுப் பயிற்சி’ என்பது அதன் மையம். 1973இலேயே வந்துவிட்டது. முதலில், டிக் வருவதற்கு முந்தைய அந்த உந்துதலைக் குழந்தையே கண்டுபிடிக்கப் பழகுவான். அடுத்து, உந்துதல் எழுந்ததும் டிக்கோடு சேர்ந்து நடக்க முடியாத வேறொரு செயலைச் செய்வான். தோள் குலுக்கலுக்கு முழங்கையை விலாவோடு மெல்ல அழுத்துவது. செருமலுக்கு வாயை மூடி மூக்கால் நிதானமாக மூச்சுவிடுவது. சிமிட்டலுக்கு மெதுவாக, ஒரே சீராகத் தானே கண்களை மூடித் திறப்பது. ஒரு நிமிடம், அல்லது உந்துதல் அடங்கும்வரை. வெளியே யாருக்கும் தெரியாது.

கூடவே, டிக் வந்ததும் சுற்றி என்ன நடக்கிறது என்றும் பார்ப்பார்கள். எங்கள் வீட்டில் கணக்குப் பாடத்தின்போது தோள் வெட்டினால் நான் புத்தகத்தை மூடிவிடுவேன், பாவமாக இருக்கும். கணக்கு என்றாலே தோள் வெட்டத் தொடங்கியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று உளவியலாளர் சொன்னபோது முதலில் கோபம்தான் வந்தது. அவன் நடிக்கவில்லை. பாடம் நின்றால் மூளைக்கு அது வெகுமதி, அவ்வளவுதான்.

2010இல் வெளியான ஆய்வில் 9 முதல் 17 வயதுக்குட்பட்ட 126 பேர் பங்கேற்றார்கள். பத்து வாரத்தில் எட்டு அமர்வுகள். இந்தப் பயிற்சி பெற்றவர்களில் பாதிப்பேருக்குச் சற்று அதிகமானோர் நன்றாக முன்னேறினார்கள். வெறும் ஆதரவும் விளக்கமும் பெற்றவர்களில் ஐந்தில் ஒருவர்கூட இல்லை. மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்: கிட்டத்தட்டப் பாதிப்பேருக்கு அந்த அளவு பலன் வரவில்லை. டிக் குறைவதுதான் இலக்கு, அடியோடு ஒழிவது அல்ல. மிகச் சிறிய குழந்தைகளுக்கு அந்த முன்னுந்துதலே பிடிபடாது என்பதால் இதை அவர்களுக்குத் தக்கபடி மாற்றித்தான் செய்ய வேண்டியிருக்கும்.

பதற்றத்துக்கு?

அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. பெயர் பயமுறுத்தும், செயல் எளிது: பயப்படும் விஷயங்களை ஏணிப்படி போல வரிசையிட்டு, கீழ்ப்படியிலிருந்து ஒவ்வொன்றாக ஏறுவது. தனியே படுக்கப் பயந்தால் முதல் படி, அம்மா கட்டிலருகே நாற்காலியில். பிறகு நாற்காலி வாசலில். பிறகு வாசலுக்கு வெளியே, குரல் கேட்கும் தூரத்தில். எங்கள் நாற்காலி கட்டிலிலிருந்து கூடத்துக்குப் போய்ச் சேர ஏழு வாரம் ஆனது. நடுவில் காய்ச்சல் வந்து மறுபடி கட்டிலருகே வந்தது.

இந்தச் சிகிச்சையில் மாற வேண்டியவர்களில் முதல் ஆள் நான்தான் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. “நாளைக்கு டீச்சர் திட்டுவாரா அம்மா?” என்பான். “திட்ட மாட்டார் கண்ணா” என்பேன். ஐந்து நிமிடத்தில் மறுபடி. ஒரு மாலை எண்ணிப் பார்த்தேன், பதினான்கு முறை. ஒவ்வொரு பதிலும் அவனை ஐந்து நிமிடம் ஆற்றியது. பதில் கிடைத்தால்தான் ஆறும் என்றும் கற்றுக்கொடுத்தது. ஒருமுறை பதில் சொல்லுங்கள், அடுத்த முறை “இதைக் கேட்பது நீயா, உன் பயமா?” என்று கேளுங்கள் என்றார் உளவியலாளர். முதல் மூன்று நாள் வீடு போர்க்களம். இரண்டாவது வாரம் அவனே கேள்வியைப் பாதியில் நிறுத்திவிட்டு, “பயம்தான் கேட்கிறது” என்று சொல்லிவிட்டுப் போனான்.

பெற்றோருக்கு மட்டுமே பயிற்சி கொடுத்துக் குழந்தையின் பதற்றத்தைக் குறைக்கும் முறைகளும் இருக்கின்றன. குழந்தை வர மறுத்தால் இது பெரிய வழி.

மருந்து கொடுத்தே ஆக வேண்டுமா?

கட்டாயம் இல்லை. ஆனால் மருந்து என்றாலே ஓடவும் வேண்டாம். டிக் வலி தரும்போது, பயிற்சிக்கு ஆள் கிடைக்காதபோது, பயிற்சி போதாதபோது யோசிப்பார்கள். குளோனிடின், குவான்ஃபசின் போன்றவற்றில் தூக்கக் கலக்கமும் ரத்த அழுத்தக் குறைவும் வரலாம். குளோனிடினை நீங்களாகத் திடீரென்று நிறுத்தக்கூடாது, ரத்த அழுத்தம் எகிறும். அரிபிப்ரசோல், ரிஸ்பெரிடோன் போன்றவற்றுக்கு வலிமை அதிகம். எடை கூடுவதைக் கவனிக்க வேண்டும்.

பதற்றத்துக்குச் செர்ட்ரலின் போன்றவை. 2008இல் வெளியான, 488 குழந்தைகள் பங்கேற்ற ஆய்வில், மருந்து மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம், நடத்தைச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 60 சதவீதம், இரண்டும் பெற்றவர்களில் 81 சதவீதம் பேர் நன்கு முன்னேறினார்கள். வெற்று மாத்திரை பெற்றவர்களில் 24 சதவீதம். இவ்வகை மருந்துகள் சில இளையோரிடம் தற்கொலை எண்ணத்தைத் தூண்டலாம் என்று அமெரிக்க மருந்து ஆணையம் 2004இல் கடும் எச்சரிக்கை விடுத்தது. அதனால்தான் முதல் சில வாரங்களும் அளவை மாற்றும் நாட்களும் நெருக்கமாகக் கவனிக்கப்பட வேண்டியவை.

ஏ.டி.எச்.டி. மருந்து டிக்கைக் கூட்டிவிடும் என்ற பயம் பழையது. 2002இல் வெளியான ஆய்வில் மெத்தில்ஃபெனிடேட் அப்படிச் செய்யவில்லை. ஒரு சிலருக்குக் கூடலாம். கூடினால் மருத்துவரிடம் சொல்லி மாற்றலாம்.

நல்ல சிகிச்சையாளரை எப்படி அடையாளம் காண்பது?

வீட்டுக்குப் பயிற்சி கொடுத்து அனுப்புவார். உங்களையும் அறைக்குள் கூப்பிடுவார். எத்தனை அமர்வில் என்ன எதிர்பார்க்கலாம் என்று தோராயமாகவாவது சொல்வார். குழந்தையிடம் நேரடியாகப் பேசுவார், “உனக்கு இதில் எது பெரிய தொல்லை?” என்று அவனைக் கேட்பார். பதற்றத்துக்குச் சிகிச்சை என்று சொல்லிவிட்டு மாதக்கணக்கில் படம் வரைவதும் பேசுவதும் மட்டுமே நடந்து, பயத்தை எதிர்கொள்ளும் ஒரு படிகூட ஏறவில்லை என்றால் கேள்வி கேளுங்கள். “முழுக்கக் குணப்படுத்திவிடுகிறேன்” என்று உறுதி சொல்பவரிடம் கேள்வி கேட்க வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள்.

வர மாட்டேன் என்று அடம்பிடிக்கிறான்.

“உன்னிடம் ஏதோ கோளாறு, சரிசெய்யப் போகிறோம்” என்று காதில் விழுந்தால் யார் வருவார்கள்? அவனுக்கு எது எரிச்சலோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்: “இரவில் கழுத்து வலிக்கிறது என்றாயே, அதற்கு உதவுபவர்.” ஒரே ஒருமுறை வந்து பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று சொல்லுங்கள், சொன்னபடி நடங்கள். சாக்கலேட் வாங்கப் போகிறோம் என்று ஏமாற்றி அழைத்துப்போனால் அடுத்த முறை காரிலேயே ஏறமாட்டான்.

பள்ளியில் சொல்லலாமா?

எங்கள் அனுபவத்தில் சொன்னதே நல்லது, ஆனால் குழந்தையைக் கேட்ட பிறகு. ஆசிரியருக்கு ஒரு பக்கக் குறிப்பு போதும்: இது வேண்டுமென்று செய்வதல்ல, கண்டுகொள்ளாமல் விடுங்கள், தேவைப்பட்டால் அனுமதி கேட்காமல் வெளியே போய்வர விடுங்கள், தேர்வில் தனி இடமோ கூடுதல் நேரமோ உதவும். “செருமாதே” என்று வகுப்பில் ஒருமுறை சொன்னால் அன்று முழுவதும் செருமல்தான். வீட்டிலும் இதே விதி. டிக் வரும்போது அதைச் சுட்டிக்காட்டாமல், குழந்தையோடு பேசுவதைத் தொடருங்கள்.

வளர்ந்தால் போய்விடுமா?

டிக் பெரும்பாலும் 10 முதல் 12 வயதில் உச்சத்துக்குப் போய், பதின்வயதின் கடைசியில் பலருக்கு வெகுவாகக் குறைகிறது. சிலருக்கு முழுவதும் நீங்குகிறது, சிலருக்கு நிலைக்கிறது. உங்கள் குழந்தை எந்தப் பக்கம் என்று இப்போதே யாராலும் சொல்ல முடியாது. பதற்றத்தை இதே கணக்கில் விட்டுவிடாதீர்கள். அது காத்திருந்தால் குறைவதைவிட, தவிர்க்கும் இடங்களின் பட்டியலை நீட்டிக்கொண்டே போவதுதான் அதிகம்.

நின்றுபோன டிக் மறுபடி வந்துவிட்டது. சிகிச்சை வீணா?

கூடிக் குறைவதுதான் டிக்கின் இயல்பு. போன மாதம் என் மகனுக்குப் பழைய செருமல் திரும்பியது, தேர்வு நேரம். சாப்பாட்டு மேசையில் எனக்கு உடனே தொலைபேசியை எடுத்து உளவியலாளரை அழைக்க வேண்டும் போல இருந்தது. அவன் என் முகத்தைப் பார்த்தான். “தெரியும் அம்மா, இரண்டு வாரம் பார்ப்போம்” என்று சொல்லிவிட்டு, வாயை மூடி மூக்கால் மூச்சை இழுத்து விட்டுக்கொண்டே சாப்பாட்டைத் தொடர்ந்தான்.